ரோபோவுக்குப் பதம் தெரியுமா?

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தக் கண்ணாடிக் குப்பியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். என் சுண்டுவிரலைவிடச் சற்றே உயரம். வாயில் அலுமினிய மூடி. மூடியின் நடுவில் ஊசி இறங்குவதற்கென ஒரு சிறிய ரப்பர் வட்டம். வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள் இதைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார்கள். ஒரே நாளில் இப்படி முப்பது குப்பிகளை எடை போட்டு, நிரப்பி, மூடி, எண் எழுதி அடுக்கி முடித்தால், மாலையில் மிஞ்சுவது கழுத்து வலிதான்.

நான் எம்.எஸ்சி. படித்த காலத்தில், ஒரு வினையின் வேகத்தை அளப்பதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிப்பெட்டால் மாதிரி எடுத்து, அதில் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தேன். மதியம் வரை வரைபடத்தில் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் விழுந்தன. நான்கு மணிக்கு மேல், பேச்சுச் சுவாரசியத்தில் ஒரு மாதிரியை எடுக்கத் தவறினேன். தவறியதையும் கவனிக்காமல், அடுத்து எடுத்ததை அதன் எண்ணில் எழுதிவிட்டேன். அதன்பிறகு வந்த அளவுகள் அனைத்தும் ஐந்து நிமிடம் தள்ளிப்போயின. இரவு விடுதியில் உட்கார்ந்து வரைபடம் போட்டபோதுதான் பிழை தெரிந்தது, ஒரு நாள் உழைப்பும் போயிற்று. அது அறிவு போதாமல் வந்த பிழை அல்ல, அலுப்பால் வந்தது. வேதியியல் ஆய்வகத்துக்கு ரோபோ எதற்கு என்று யாராவது கேட்டால், வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த அலுப்பைப் பற்றித்தான் பேசுவேன்.

ஆய்வகங்களில் தானியங்கிகள் புதியவை அல்ல. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைடு தயாரிக்கும் இயந்திரத்தை அமெரிக்காவில் புரூஸ் மெரிஃபீல்டு 1960களிலேயே உருவாக்கினார். அதற்கு அடிப்படையான முறைக்காக 1984இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அத்தகைய இயந்திரங்கள் ஒரே வேலையை மட்டும் அறிந்தவை. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆண்ட்ரூ கூப்பரின் குழுவினர் வேறொரு வழியை எடுத்தார்கள். ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கருவிகளுக்கு இடையே குப்பிகளைச் சுமந்து நடந்துகொண்டிருக்கும் மனிதரின் இடத்தில் ஒரு ரோபோவை நிறுத்தினார்கள். 2020 ஜூலையில் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வெளியானது; உலகின் பல ஆய்வகங்கள் கொரோனாவால் பூட்டிக்கிடந்த நேரம் என்பதால், ஆளில்லாத ஆய்வகம் என்ற செய்திக்கு அன்று தனிக் கவனம் கிடைத்தது.

அந்த ரோபோ 1.75 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 400 கிலோ எடையும் கொண்டது. சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டியின் மேல் ஒற்றைக் கை பொருத்தப்பட்டிருக்கிறது. பார்ப்பதற்கு மனிதரைப் போல இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்கு வழிகாட்டுவது கேமரா அல்ல, லேசர். ஆகவே விளக்கை அணைத்துவிட்டாலும் அது தன் வேலையைத் தொடரும். ஒளி பட்டால் கெடக்கூடிய பொருள்களைக் கையாளும்போது இது பெரிய வசதி. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறொன்று. லேசரை மட்டும் நம்பி ஒரு கருவியின் முன் வந்து நின்றால், நிற்கும் இடம் சில மில்லிமீட்டர் முன்பின்னாகத்தான் இருக்கும். குப்பியைத் துளைக்குள் இறக்குவதற்கு அந்தத் துல்லியம் போதாது. அதனால் ஒவ்வொரு கருவியின் அருகிலும் ஒரு சிறிய கனசதுரக் கட்டையைப் பொருத்தியிருக்கிறார்கள். ரோபோ வந்து நின்றதும் கையை நீட்டி அந்தக் கட்டையை ஆறு இடங்களில் தொட்டுப் பார்த்து, தான் நிற்கும் இடத்தைத் திருத்திக்கொள்கிறது. இருட்டறையில் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடுவோமே, அதேதான். தடவிய பிறகு அதன் பிழை 0.12 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது.

அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஒளியின் உதவியால் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் ஒரு பாலிமர் வினையூக்கியின், அதாவது வினையை வேகப்படுத்தும் பொருளின், திறனைக் கூட்டுவது. வினையூக்கியோடு சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமும் நீரில் கலக்கப்படுகிறது. வினை நடக்க நடக்கச் சிஸ்டீன் செலவாகிக்கொண்டே போகும் என்பதால், தண்ணீரும் வெயிலும் இருந்தால் எரிபொருள் தயார் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். இந்தக் கலவையோடு காரம், உப்பு, சாயம், சோப்புத்தன்மை கொண்ட பொருள் என எவற்றையெல்லாம் எந்த அளவில் சேர்க்கலாம் என்பதுதான் கேள்வி. பத்துப் பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் பல அளவுகள்; கணக்குப் போட்டால் சாத்தியமான கலவைகள் ஏறத்தாழ 9.8 கோடி. அத்தனையையும் செய்துபார்க்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. எனவே, முந்தைய முடிவுகளை வைத்து அடுத்துச் செய்ய வேண்டிய பதினாறு கலவைகளைத் தேர்ந்தெடுக்கும் ஓர் அல்காரிதத்தை ரோபோவோடு இணைத்தார்கள். நல்ல பலன் தந்த பகுதியைச் சுற்றிக் கொஞ்சம், இன்னும் தொட்டே பார்க்காத பகுதியில் கொஞ்சம் என்று அது பங்கிட்டுக்கொள்ளும்.

எட்டு நாட்களில், அதாவது 192 மணி நேரத்தில், ரோபோ 172 மணி நேரம் வேலை செய்து 688 சோதனைகளை முடித்தது. எடுப்பது, வைப்பது, திருப்புவது என 6,500 கைவேலைகள். நடந்த தூரம் மொத்தமே 2.17 கிலோமீட்டர்; நம் பூங்காக்களில் காலையில் நடப்பவர்கள் அதை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். தொடக்கக் கலவையைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாக ஹைட்ரஜன் தரும் ஒரு கலவை கிடைத்தது. சாயம் சேர்த்தால் நல்லது என்ற ஊகம் பொய்த்ததும் அதே ஓட்டத்தில் தெரியவந்தது.

இதைக் கேட்டதும் வேதியியலாளருக்கு வேலை போய்விடும் என்று எழுதத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு தகவல்கள். அந்த எட்டு நாள் ஓட்டத்துக்கான ஏற்பாட்டைக் கட்டியமைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அடுத்தது, அந்த அல்காரிதத்துக்குச் சிஸ்டீன் என்றால் என்னவென்றே தெரியாது. பத்துப் பொருள்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மனிதர்கள். பதினோராவது பொருள் ஒன்று இருக்கலாமே என்று யோசிக்கும் வேலை அதற்குக் கொடுக்கப்படவே இல்லை.

நம் சமையலறையில் 'பதம்' என்றொரு சொல் இருக்கிறது. அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சுகிறவர் தெர்மாமீட்டரைத் தேடுவதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்து இறக்குகிறார். வேதியியல் ஆய்வகத்திலும் பாதி வேலை பதம் பார்ப்பதுதான். 'துளித்துளியாகச் சேர்க்கவும்' என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று இருக்காது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் லீ குரோனின் குழுவினர், தாங்கள் 'கெம்ப்யூட்டர்' என்று பெயரிட்ட இயந்திரத்தில் தூக்க மருந்தாகப் பயன்படும் டைஃபென்ஹைட்ரமின் உட்பட மூன்று மருந்துப் பொருள்களைத் தயாரித்துக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் அந்தத் துளிகளுக்கெல்லாம் எண் கொடுக்க வேண்டியிருந்தது. செய்முறையை எழுதுவதற்கென்றே ஒரு கணினி மொழியையும் உருவாக்கினார்கள். கையில் மட்டும் இருந்த பழக்கம் இப்படிக் காகிதத்துக்கு வந்தது என் கண்ணுக்கு மருந்தைவிடப் பெரிய வரவாகத் தெரிகிறது. எங்கோ ஒருவர் செய்ததை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்ய முடியாமல் தவிப்பது வேதியியலில் பழைய நோய்.

எண்ணாக மாற்ற முடியாத பதமும் உண்டு. இதோ ஒரு புனல், இதில் ரவையைப் போடுகிறேன். தண்ணீர் போல இறங்கிவிட்டது. இப்போது அதே புனலில் கடலை மாவு. பாருங்கள், வாயிலேயே அடைத்துக்கொண்டு நிற்கிறது, தட்டினால்தான் பொத்தென்று விழுகிறது. திரவத்தை அளந்து ஊற்றும் ரோபோக்கள் எப்போதோ வந்துவிட்டன. தூளை அளந்து போடும் ரோபோக்கள் இன்றும் திணறுவது இதனால்தான். ஒவ்வொரு தூளுக்கும் ஒரு குணம், அதுவும் ஈரப்பதத்தோடு மாறும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் தூள்களையே கையாளும் 'ஏ-லேப்' என்ற தானியங்கி ஆய்வகத்தை அமைத்தார்கள். தூள்களைக் கலந்து, உலையில் சுட்டு, அரைத்து, என்ன கிடைத்தது என்பதை எக்ஸ்-ரே கொண்டு அதுவே கண்டறியும். குறிவைத்த 58 புதிய சேர்மங்களில் 41ஐ 17 நாட்களில் தயாரித்துவிட்டதாக 2023 நவம்பரில் அறிவித்தார்கள். தூளைக் கையாண்ட வரையில் அது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. சர்ச்சை அடுத்த படியில் எழுந்தது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ராபர்ட் பால்கிரேவ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி ஷூப் முதலியோர் அந்த எக்ஸ்-ரே தரவுகளை ஆராய்ந்து, புதியவை எனச் சொல்லப்பட்டவற்றில் பல ஏற்கெனவே அறியப்பட்ட சேர்மங்களே என்று வாதிட்டார்கள். ஒரு படிகத்தில் இரண்டு வகை அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமர்ந்திருப்பதும், இருக்கைகளைக் கலைத்துப்போட்டாற்போல் அமர்ந்திருப்பதும் வெவ்வேறு. அந்த வேறுபாட்டைத் தானியங்கிப் பகுப்பாய்வு கவனிக்கத் தவறிவிட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. என் வரைபடத்தில் ஐந்து நிமிடம் தள்ளிப்போனது ஓர் இரவில் தெரிந்துவிட்டது. இங்கே கலத்தலும் சுடுதலும் பிசகின்றி நடந்திருக்க, கிடைத்ததற்குப் பெயர் சூட்டுவதில் சிக்கல் வந்ததால், அனுபவம் உள்ள கண்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

லிவர்பூல் குழுவினர் 2024 நவம்பரில் அடுத்த ஆய்வை வெளியிட்டார்கள். இம்முறை இரண்டு ரோபோக்கள். ஹைட்ரஜனின் அளவு போல ஒரே எண்ணில் அடங்காத, என்ன உருவாகியிருக்கிறது என்றே முதலில் கண்டுபிடிக்க வேண்டிய வினைகள். ஒவ்வொரு வினையையும், மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறை நிறமாலைமானியில் ஒருமுறையும், அதன் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியில் ஒருமுறையும் பார்க்கிறார்கள். இரண்டிலும் தேறினால்தான் அது அடுத்த கட்டத்துக்குப் போகும். தேறியதையும் உடனே நம்பிவிடாமல், திரும்பச் செய்தால் அதே விளைவு வருகிறதா என்று சரிபார்த்த பிறகே மேலே கொண்டுபோகிறார்கள். எதைத் தேர்ச்சி என்று கொள்ளலாம் என்ற விதிகளை, அந்தந்த வினைகளில் பழகிய வேதியியலாளர்களே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.