முப்பத்தொரு ஒன்றுகள்

எல்லோருக்கும் வணக்கம். அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னது நீங்கள்தான். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

பலகையைப் பாருங்கள்: 2,14,74,83,647. முன்வரிசைத் தம்பிகள் சிரிக்கிறார்கள், ஐ.டி. வேலை போலிருக்கிறது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2ஐ 31 தடவை எழுதிப் பெருக்கி, 1 கழித்தால் இந்த எண் வரும். 0, 1 மட்டுமே வரும் இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியம்கூடக் கிடையாது.

இது பகா எண். எப்படித் தெரியும்? இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேல் ஒரு வகுஎண் இருந்தால் அதன் ஜோடி கீழே இருந்தே தீரும். ஆனால் அதற்குள்ளேயே நாலாயிரத்துக்கும் மேல் பகா எண்கள் இருக்கின்றனவே! கையால் யார் வகுப்பது?

கணித மேதை ஆய்லர் வகுத்தார். பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்ட நிலையில், 1772இல் இன்னொரு கணிதரான பெர்னூலிக்குக் கடிதம் எழுதி முடிவைச் சொன்னார். அவர் பிடித்த குறுக்கு வழிதான் அழகு. அதைச் சின்ன எண்ணில் காட்டுகிறேன். 11 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் 2047. அது 23 பெருக்கல் 89. இரண்டிலும் 1 கழியுங்கள்: 22, 88. இரண்டும் 11இன் இரட்டிப்பான 22இன் மடங்கு! இது தற்செயல் அல்ல. நம் எண்ணுக்குப் பகா வகுஎண் இருந்தால், அதில் 1 கழித்தது 31இன் இரட்டிப்பான 62இன் மடங்காக இருக்க வேண்டும். அதோடு, அந்தப் பகா வகுஎண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான். இரண்டையும் சேர்த்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. (ஏன் என்று கேட்டால் இன்னொரு ஞாயிறு வேண்டும்.)

சரி, வரிசை போடுவோம். 63, 249 இரண்டும் பகு எண்கள், தள்ளுங்கள். அடுத்தது 311. வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. போகவில்லை. இப்படி 370 சொச்சம் எண்கள்தான். பகு எண்களைத் தள்ளினால் இன்னும் குறைவு. எதுவுமே மீதியில்லாமல் போகவில்லை.

தன்னைவிடச் சிறிய வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்ணுக்கு நிறை எண் என்று பெயர்; 6 = 1 + 2 + 3 போல. நம் எண்ணிலிருந்து கிடைக்கும் நிறை எண்ணைப் பற்றி 1811இல் ஆங்கிலேயக் கணிதர் பார்லோ எழுதினார்: இதைவிடப் பெரிய நிறை எண்ணை யாரும் தேடப்போவதில்லை, இவையெல்லாம் பயனில்லாத வேடிக்கை என்று. பாவம், அவர் கம்ப்யூட்டரைக் கண்டாரா?

கம்ப்யூட்டர் ஓர் எண்ணை 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில் வைத்தால், ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போக மிச்சம் 31. அதில் அடங்கும் பெரிய எண் இதுதான். தாண்டினால் குறியின் இடத்துக்கு வழிந்து மைனஸாகிவிடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் தொகையைக் காசுக் கணக்கில் வைத்திருந்தோம். மாதக் கடைசியில் மொத்தம் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 காசைத் தாண்டியது. லாபம் கொழித்த மாதத்தில் திரையில் மைனஸ்! கணக்குப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது.

1970 முதல் நொடிகளை இப்படி 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கடிகாரங்கள் இன்னும் இருக்கின்றன. 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07க்கு அவை இந்த எண்ணைத் தொடும். திருத்தாமல் விட்டால் அடுத்த நொடி எண்ணிக்கை மைனஸுக்குத் தாவி, 1970க்கும் முன்னால் போய், 1901 டிசம்பர் காட்டும். 2038இன் அந்த நாள் செவ்வாய்க்கிழமை. ராகு காலம் மாலை 3 மணிக்குத்தான். எமகண்டம் பிறக்கவும் இன்னும் கால் மணி நேரம் இருக்கும்.