பாட்டிலுக்குள் ஒரு மூச்சு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்த ரசிகர்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். ஆட வைக்கும் தாளத்தில் ஜாஸ் இசையை, மேடையில் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி வாசிக்கும் ஃபங்க் ஜாஸ் குழுவுக்குப் புது ஆல்பம் எதற்கு, மேடையே போதாதா? ஆல்பம் வேண்டும் என்கிறது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரே வரியில் கைத்தட்டல் வாங்கிவிட்டார். "ஆல்பம் என்பது போட்டோ. போட்டோ பேசுமா?" என்றார். சரி, பேசுமா பேசாதா என்று பார்த்துவிடுவோம்.

1973. சான் ஃபிரான்சிஸ்கோ. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தைப் பதிவு செய்கிறார். 1962இல் தான் வெளியிட்ட 'வாட்டர்மெலன் மேன்' மெட்டை மறுபடியும் எடுக்கிறார். எதில் தொடங்குகிறது? பியானோவா? இல்லை. டிரம்ஸா? இல்லை. தாளக் கலைஞர் பில் சம்மர்ஸ் ஒரு பாட்டிலை எடுக்கிறார். என்ன பாட்டில்? பீர் பாட்டில்! வாயருகே வைத்து ஊதுகிறார், ஹூ. உடனே தொண்டையில் ஒரு சுரம். மறுபடி பாட்டில். மறுபடி தொண்டை. ஹூ என்பது பாட்டிலா, மனிதனா? காதை எவ்வளவு தீட்டிக்கொண்டாலும் பிரிக்க முடியாது. அந்த மூச்சுக்குப் பின்னால்தான் பேஸ் கித்தார் மெல்ல நடந்து வருகிறது.

கைத்தட்டுங்கள், ஆனால் கதை முடியவில்லை! அந்த ஹூ அவருக்கு எங்கே கிடைத்தது? மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் பா-பென்செலே மக்களிடம் 'ஹிந்தேவு' என்று ஒரு சின்னக் குழல் உண்டு. அதில் ஒரே ஒரு சுரம்தான் வரும். மீதிச் சுரங்களைக் குரல் போடும். குழல், குரல், குழல், குரல். இந்த மக்களின் இசை 1966இல் இசைத்தட்டாக வந்தது. அதில் கேட்ட ஊதலைத்தான் சம்மர்ஸ் பாட்டிலில் ஊதினார். நண்பரே, உங்கள் ஊமைப் போட்டோ கடல் தாண்டி வந்து ஒரு பாட்டிலுக்குள் புகுந்து பேசியிருக்கிறது! இன்று ஒரு குழு போடும் புது ஆல்பம் நாளை யார் கையில் எந்தப் பாட்டிலைக் கொடுக்குமோ, யார் கண்டது?

'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் அந்த பேஸை வாசித்த பால் ஜாக்சன் 2021இல் காலமாகிவிட்டார். அந்த விரல்கள் இனி எந்த மேடையிலும் ஏறப்போவதில்லை.

அதே ஆல்பத்தில் 'கமீலியன்' என்று பதினைந்து நிமிடத்துக்கும் மேலே ஓடும் ஒரு உருப்படி. என் அண்ணனுக்கு அது உயிர். பாட்டு முடியும்வரை சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். நேற்றுத் தட்டியதுபோல் இன்று தட்டமாட்டார். மோதிர விரல் படும்போது மட்டும் 'டிக்' என்று தனியாகக் கேட்கும். "போதும் அண்ணா, தலை வலிக்கிறது" என்று நான்தான் கத்துவேன்.

அண்ணன் போய் ஆறு வருடம் ஆகிறது. அவருடைய போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது. நண்பர் சொன்னது சரிதான், அது பேசுவதில்லை. அந்த மேசைத் தட்டலை எங்களில் ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. இப்போதும் 'கமீலியன்' போட்டால் ஹான்காக் வருகிறார், ஜாக்சன் வருகிறார். அந்த 'டிக்' மட்டும் வருவதில்லை ஐயா.

வணக்கம்.