நாயகி கோப்பறையில் இருக்கிறாள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில இருக்கற அண்ணனுக்கும் தங்கச்சிக்கும், கம்பெனியில ஷிப்ட் முடிஞ்ச கையோட வீட்டுக்குக்கூடப் போகாம இங்க வந்து உக்காந்திருக்கற திருப்பூர்ச் சொந்தங்களுக்கும் வணக்கமுங்க.

தலைப்பை ஒருக்கா திருப்பிச் சொல்லிக்கறேன். உளவு நிறுவனத்துல வேலை பாக்கற பொண்ணுங்களை வெச்சு ஒரு நாவல் எழுதுனா, அதுக்கு உயிர் களத்துல இறங்கற பொண்ணா, மேசையில உக்காந்து கோப்பு படிக்கற பொண்ணா? நான் மேசைப் பக்கமுங்க.

தங்கச்சி நூர் இனாயத் கானைப் பத்திப் பேசுனாங்க. நம்ம தீரன் சின்னமலை தோள் கொடுத்து நின்ன திப்பு சுல்தானோட வம்சத்துப் பொண்ணுன்னு சொன்னதும் அரங்கமே கைதட்டுச்சு. நானும் தட்டுனேன். ரெண்டாம் உலகப் போர்ல, 1943 ஜூன்ல, ஜெர்மன்காரன் பிடிச்சு வெச்சிருந்த பிரான்சுக்குள்ள பிரிட்டிஷ் உளவாளியா வயர்லெஸ் பெட்டியோட இறங்குனவங்க. கூட இருந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா பிடிபட, திரும்பி வந்துருன்னு லண்டன்ல இருந்த உளவு அலுவலகம் கூப்பிட்டும் வராம பாரிஸ்லயே நின்னு செய்தி அனுப்புனவங்க. அவங்க வீரத்தை ஒரு இம்மிகூட நான் குறைக்க மாட்டேன். ஆனா தங்கச்சி நிறுத்துன இடத்துக்கு அப்புறந்தாங்க எங்க கட்சி ஆரம்பிக்குது.

அக்டோபர்ல நூர் பிடிபட்டாங்க. அவங்க பெட்டியை வெச்சு ஜெர்மன்காரன், நூரே அனுப்பற மாதிரி லண்டனுக்குச் செய்தி அனுப்பிட்டே இருந்தான். லண்டன் மேசை அதை நம்புச்சு. அதை நம்பி அனுப்பி வெச்ச ஆளுங்க பாராசூட்ல எதிரி கைக்குள்ளயே போய் இறங்குனாங்க. அந்த மேசையில ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது நூர் கை இல்லைன்னு பிடிவாதமா நின்னிருந்தா? எத்தனை உசிரு பொழச்சிருக்கும்! களத்துல காட்டுன வீரம் மொத்தமும் ஒரு மேசை தூங்கினதால வீணாப் போச்சுங்க.

அதே லண்டன் அலுவலகத்துல இருந்த இன்னொரு பொண்ணு வேரா அட்கின்ஸ். போர் முடிஞ்சுது. காணாமப் போனவங்க பட்டியலைக் கையில எடுத்துட்டு ஜெர்மனிக்கே போனாங்க. பிடிபட்ட சிறை அதிகாரிகளை உக்கார வெச்சுக் கேள்வி கேட்டாங்க. நூர் நாட்ஸ்வைலர் முகாம்ல இறந்ததா முதல்ல முடிவு பண்ணுனாங்க. அதோட கோப்பை மூடிட்டுப் போயிருக்கலாம். மூடலைங்க. மறுபடி தோண்டி, அது வேற ஒரு பொண்ணு, நூரைக் கொன்னது 1944 செப்டம்பர்ல டாஹவ் முகாம்லன்னு தன் முடிவைத் தானே திருத்துனாங்க. இன்னிக்குத் தங்கச்சி இந்த மேடையில நூரோட கடைசி நாளைச் சொல்ல முடியுதுன்னா, அதுக்குப் பின்னால வேராவோட பட்டியல் இருக்குதுங்க.

அண்ணன் வள்ளுவரைக் கூப்பிட்டாரு. "கடாஅ உருவொடு கண்ணஞ்சாது" அப்படின்னு மாறுவேஷத்தையும் அஞ்சாத கண்ணையும் சொன்னாரு. சரிங்கண்ணா. அதே அதிகாரத்துல மூணு குறள் தள்ளிப் போனா, "ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்" அப்படின்னு சொல்றாரே, அது யார் வேலைங்க? ஒருத்தன் கொண்டாந்த சேதியை இன்னொருத்தன் சேதியோட வெச்சு ஒத்துப் பாக்கறது மேசை வேலை.

"கோப்பு புரட்டறவளை வெச்சு என்ன விறுவிறுப்பு வந்துரும்?"னு அண்ணன் கேட்டாரு. இதைத் திருப்பூர்ல கேக்கலாமாங்க? செக்கிங் டேபிள்ல நிக்கற அக்காவைப் பாருங்க. பீஸை எடுத்து உள்பக்கம் திருப்பி, தோள்பட்டைத் தையல் மேல விரலை ஓட்டுவாங்க. நாம கலரைப் பாப்போம், பிரிண்டைப் பாப்போம். அவங்க கண்ணு தையல் விட்டுப்போன இடத்துல போய் நிக்கும். இருக்கறதைப் பாக்கறதுக்கு ஆயிரம் பேர் உண்டு. இல்லாததைப் பாக்கறதுக்குத் தனிக் கண்ணு வேணும்.

அந்தக் கண்ணு இருந்தவங்கதான் மேவிஸ் லீவர். இங்கிலாந்துல பிளெச்லி பார்க், எதிரியோட ரகசியச் சங்கேதத்தை உடைக்கற இடம். அங்க வேலை பாத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பொண்ணுங்க. மேவிஸ் அங்க சேரும்போது வயசு 19. இத்தாலிக்காரன் அனுப்புன ஒரு சங்கேதச் செய்தி அவங்க மேசைக்கு வருது. பாக்கறாங்க, பாக்கறாங்க, முழுச் செய்தியிலயும் 'எல்'ங்கற எழுத்து ஒண்ணுகூட இல்லை. செய்தியைச் சங்கேதமா மாத்தற எனிக்மா இயந்திரத்துல எந்தக் கட்டையை அமுக்குனாலும் அதே எழுத்து வெளிய வராது. அப்படின்னா? சோதனைக்கு ஒரு செய்தி அனுப்புடான்னு சொன்னதுக்கு, சோம்பேறி ஒருத்தன் 'எல்' கட்டையை மட்டுமே அமுக்கிட்டு உக்காந்திருக்கான்! அதைப் பிடிச்சு இயந்திரத்துக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. நாவல்ல இந்தக் காட்சி வந்தா எனக்கு மூச்சு நின்னுரும் நடுவர் ஐயா.

1941 மார்ச்ல, "இன்னும் மூணு நாள்"ங்கற பொருள்ல வந்த செய்தியை உடைச்சதும் இதே மேவிஸ்தான். அதை வெச்சுத்தான் கிரேக்க நாட்டுப் பக்கம் நடந்த மத்தபான் கடல்போர்ல இத்தாலி மூணு பெரிய குரூசர் கப்பலையும் ரெண்டு நாசகாரிக் கப்பலையும் இழந்துச்சு. சங்கேதம் உடைஞ்சது எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு, வேவு விமானம் ஒண்ணை வேணும்னே பறக்க விட்டு, அதுதான் கப்பலைப் பாத்துதுன்னு காட்டுனாங்க. வேலை மேவிஸோடது, பேரு விமானத்துக்கு. வாயைத் திறக்காம எத்தனையோ வருஷம் இருந்தாங்க அந்தப் பொண்ணுங்க.

இதைவிட எனக்கு நெஞ்சு கொதிக்கற கதை ஒண்ணு இருக்குதுங்க. ஜினா பென்னட், அமெரிக்க வெளியுறவுத் துறையோட உளவுப் பிரிவுல ஆய்வாளர். 1993 ஆகஸ்ட்லயே பின் லாடன் பேரைச் சொல்லி, இந்த ஆளை விடாதீங்கன்னு எச்சரிக்கைக் குறிப்பு எழுதுனாங்க. 1996ல சிஐஏ பின் லாடனுக்குன்னே தனிப் பிரிவு தொடங்குச்சு. அதுல பொண்ணுங்க நிறைய. இவங்களுக்கு இதே பைத்தியம்னு கூட வேலை பாத்தவங்களே கேலி பேசுனாங்க. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, பின் லாடன் அமெரிக்காவுக்குள்ள தாக்கறதுல உறுதியா இருக்கான்னு அதிபர் புஷ்ஷுக்குப் போன குறிப்பை எழுதுனதும் ஒரு பொண்ணு, பார்பரா சூட். அடுத்த மாசம் 11ஆம் தேதி என்ன ஆச்சுன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்.

அண்ணா, விறுவிறுப்பு எங்கன்னு கேட்டீங்களே, இங்கதாங்க. முடிவு வாசகனுக்கு முன்னாடியே தெரியும், ஆனாலும் பக்கத்தைத் திருப்பக் கை நடுங்கும். களத்துல இருக்கறவளுக்கு எதிரி எதுத்தாப்புல நிக்கறான். மேசையில இருக்கறவளுக்கு, சொன்னதைக் காதுல வாங்காத ஆளு பக்கத்து நாற்காலியில, நம்ம கட்சிக்காரனாவே உக்காந்திருக்கான். அவனைச் சுடவும் முடியாது, விட்டு ஓடவும் முடியாது. நாளைக்குக் காலையில அவனுக்கே வணக்கம் சொல்லி, அதே குறிப்பை இன்னும் தெளிவா எழுதி நீட்டணும்.

அதே பிளெச்லி பார்க்ல இருந்த கணித மேதை ஜோன் கிளார்க்குக்குச் சம்பளத்தை உசத்தணும்னா, பொண்ணுக்கு அந்தப் பதவியே இல்லைன்னு மொழி வல்லுநர்னு கணக்குல காட்டுனாங்க. ஸ்டெல்லா ரிமிங்டன் 1967ல தில்லியில பகுதிநேரத் தட்டச்சு வேலையாத்தான் பிரிட்டனோட உள்நாட்டு உளவு நிறுவனமான எம்ஐ5க்குள்ள நுழைஞ்சாங்க, 1992ல அதுக்கே தலைவர் ஆனாங்க. இந்த இருபத்தஞ்சு வருஷத்துக்குள்ள எத்தனை நாவல் இருக்குதுங்க! துப்பாக்கியைத் தூக்குனா ஒரு அத்தியாயத்துல முடிஞ்சு போற கதையா அது?

பின்வரிசையில கதை எழுதற பிள்ளைங்க சில பேரைப் பாக்கறேன். கண்ணுகளா, உங்க நாவலோட முதல் அத்தியாயத்துல, அவ எழுதுன குறிப்பு மேலதிகாரி மேசையில இருந்து திரும்பி வரட்டும். ஓரத்துல 'பார்க்கப்பட்டது'ன்னு சுருக்கெழுத்து மட்டும் இருக்கட்டும். அதுக்கப்புறம் அவ என்ன பண்றாங்கறதை எழுதுங்க. நான் வாங்கிப் படிக்கறேன்.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா. மேசைப் பக்கம் தீர்ப்பு வேணும்னு கேட்டு உக்காந்துக்கறனுங்க.