கழுதைக்கு எதற்குச் சட்டப் புத்தகம்?

நடுவர் அவர்களுக்கும், மணி ஒன்பதைத் தாண்டியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"சீட்டாட்டத்தில் வீட்டுக்கு வீடு விதி மாறுவது அழகா, தொல்லையா?" இதுதான் தலைப்பு. தொல்லை என்று எதிரணி அண்ணன் பேசி அமர்ந்திருக்கிறார். கோடை விடுமுறையில் பெரியப்பா வீட்டுக்குப் போனாராம், கழுதை ஆடினார்களாம், விதியில் தகராறு முற்றி சீட்டுக்கட்டே கிழிந்துபோனதாம். அதனால் ஒரே விதியை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட வேண்டுமாம். அண்ணே, அச்சடித்துக் கொடுத்திருந்தால் உங்கள் பெரியப்பா அதையும் சேர்த்துத்தான் கிழித்திருப்பார்.

ஆடாதவர்கள் யாராவது இருந்தால், ஆட்டம் இவ்வளவுதான். 52 சீட்டையும் எல்லோருக்கும் போட்டுவிட வேண்டும். ஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் அதை இறக்கி ஆரம்பிப்பார். மற்றவர்களும் ஸ்பேடே போட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் கவிழ்த்து ஓரமாக வைக்கப்படும். பெரியது போட்டவர் அடுத்ததை இறக்குவார். கையில் ஸ்பேட் இல்லாதவர் வேறு எதையாவது போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்ததும், கீழே கிடக்கும் மொத்தமும் ஸ்பேடில் பெரியது போட்டவர் தலையில். கை காலியானவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை.

என் பிறந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். முதல் சுற்றிலிருந்தே வெட்டலாம். கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்குப் புகுந்த வீட்டில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். சீட்டுக்கட்டில் ஆட்டின் இரண்டு, அதாவது ஹார்ட் இரண்டு, தொலைந்து, அதற்குப் பதில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து, பேனாவால் இதயம் வரைந்து சேர்த்திருந்தார்கள். அது யார் கையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். மாமா ஸ்பேட் ஆஸை இறக்கினார். என் கையில் ஸ்பேட் இல்லை. சந்தோஷமாக டைமண்ட் ராஜாவைப் போட்டு வெட்டினேன். வட்டத்தில் சத்தமே இல்லை. அத்தைதான் மெதுவாகச் சொன்னார்: "நம்ம வீட்ல முதல் சுத்துல வெட்டுக் கிடையாதும்மா. இல்லாதவங்க எதையாவது போட்டுட்டுப் பேசாம இருக்கணும்."

மாமனாருக்காக வளைத்த விதி என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பேர் ஆடினால் ஆளுக்கு 13 சீட்டு. 13 சீட்டில் ஒரு ஸ்பேட் கூட இல்லாமல் போவது ஒருவருக்கு நூற்றில் ஒன்றிரண்டு முறைதான் நடக்கும். ஏழு பேர் என்றால் ஆளுக்கு ஏழோ எட்டோதான். அப்போது கிட்டத்தட்ட பத்தில் ஒரு முறை ஒருவர் கையில் ஸ்பேட் இருக்காது. அப்படி ஆறு பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ் வந்தவரோ அதை இறக்கித்தான் ஆக வேண்டும், அதுவே பெரிய சீட்டும் கூட. சீட்டு வந்த ஒரே குற்றத்துக்கு மாமா அத்தனையையும் அள்ள வேண்டுமா? ஏழு பேர் ஆடுகிற வீட்டில் அந்த விதி நியாயம். நாலு பேர் வீட்டில் அதற்குப் பெரிய வேலை இல்லை. இரண்டுமே சரியான விதிகள்தான், நடுவரே. எதிரணி இதில் எதை அச்சடிக்கப் போகிறது?

இதோடு போகவில்லை. கடைசிச் சீட்டைப் போட்டவருடையதே பெரியதாக இருந்தால் அடுத்து இறக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. சில வீட்டில் அவர் தப்பித்துவிடுவார். சில வீட்டில் கவிழ்த்து வைத்ததிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு மறுபடி ஆட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கையை மொத்தமாகக் கேட்டு வாங்கி அவரைத் தப்பிக்க விடுகிற வழக்கமும் உண்டு. பேரப்பிள்ளை அழும் வீட்டில் தாத்தா வேறென்ன செய்வார்?

பஞ்சாபில் இதே ஆட்டத்துக்கு 'பாபி' என்று பெயர். அண்ணி என்று அர்த்தம். தோற்றவர்தான் அண்ணி. ஒரே சட்டம் எழுதினால் தோற்றவரைக் கழுதை என்பதா, அண்ணி என்பதா? நானே ஒரு வீட்டுக்கு அண்ணி, யோசித்துச் சொல்லுங்கள். ரஷ்யாவில் 'துராக்' என்று ஒன்று, 36 சீட்டு, ஆளுக்கு ஆறு. அங்கேயும் ஜெயித்தவர் கிடையாது, கடைசியில் மாட்டியவர் மட்டும்தான். துராக் என்றால் முட்டாள். தன்மேல் வந்த சீட்டை, அதே எண்ணுள்ள இன்னொன்றைப் போட்டு அடுத்தவர் மேல் தள்ளிவிடும் ஒரு மாறுதல் வந்தது. யாரும் அதைத் தப்பு என்று அடிக்கவில்லை. தனிப் பெயர் கொடுத்து இரண்டையும் ஆடுகிறார்கள்.

"அச்சடித்த விதியோடு வருகிற உனோவைப் பாருங்கள்" என்றார் அண்ணன். பார்ப்போம். 1971-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துபவர் உருவாக்கிய ஆட்டம் அது. முதலில் 5,000 கட்டு போட்டு தன் கடையிலேயே விற்றார். விதித்தாள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இருந்தும் என்ன? நாலு சீட்டு எடுக்க வைக்கும் பிளஸ் நாலு மேல் பிளஸ் இரண்டை வைத்து அடுத்தவரை ஆறு எடுக்க வைக்க முடியாது என்று 2019-இல் அந்த நிறுவனமே ட்விட்டரில் சொல்ல வேண்டி வந்தது. உலகம் கேட்டதா? எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் நேற்று சாயங்காலம் கூட மாடிப்படியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ரம்மிக்கு ஒரே விதி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அங்கே காசு நடமாடும். அது திறமை ஆட்டமா என்று 1968-இல் உச்ச நீதிமன்றமே பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஆட்டம். கழுதையில் போவது என்ன? பத்து நிமிஷத்துக்கு ஒரு பட்டம். அடுத்த கையில் அது வேறொருவருக்குப் போய்விடும். ஆரம்பிக்கும் முன் "உங்க வீட்ல எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கும் அன்றைக்கு அந்த அசடு வழிந்திருக்காது, பெரியப்பா வீட்டுக் கட்டும் பிழைத்திருக்கும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. ஒரே ஒரு கேள்வி, உட்கார்ந்துவிடுகிறேன். ஐந்து பேருக்கு 52 சீட்டு போட்டால் ஆளுக்குப் பத்து போக இரண்டு மிச்சம். அந்த இரண்டை யாருக்குப் போடுவது என்று உங்கள் புத்தகத்தில் எப்படி எழுதுவீர்கள்? எங்கள் வீட்டில் ஒன்று மாமாவுக்கு. இன்னொன்று, சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வந்து உட்காருபவருக்கு. நன்றி, வணக்கம்.