சாத்தானைத் தேடுன விமர்சகரும் பாட்டைக் கேட்ட ஜனமும் (பட்டிமன்றத்துல நான் பேசுனது)

நடுவர் அய்யாவுக்கு வணக்கம். எதிரணி அக்கா பேசி முடிச்சப்ப நானும் கைதட்டிட்டேன், அது பழக்கதோஷம், மார்க்குல சேத்துக்காதீங்க.

லேட்டா வந்தவங்களுக்காக தலைப்பை இன்னொரு தடவை சொல்லிடுறேன். ஒரு பேண்டோட முதல் ஆல்பத்தை சரியா எடை போட்டது விமர்சகரா, கேட்ட ஜனமா? எடுத்துக்கிட்ட வழக்கு பிளாக் சப்பாத்துன்ற இங்கிலாந்து ராக் பேண்டோட முதல் ஆல்பம். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்துல வெர்டிகோன்ற ரெக்கார்டு கம்பெனி விட்டது. வெள்ளைக்காரனுக்கு 13ம் தேதி வெள்ளிக்கிழமை வந்தாலே அபசகுனம், கம்பெனிக்காரன் அதையே வியாபாரமாக்கிட்டான். பேண்டு பேரும் பிளாக் சப்பாத், ஆல்பம் பேரும் பிளாக் சப்பாத், முதல் பாட்டு பேரும் அதுவே. நான் ஜனங்க பக்கம்.

அக்கா மூணு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, விமர்சகன் காது பழகுன காது. ரெண்டு, கூட்டம் வாங்குனா அது நல்ல சரக்குன்னு அர்த்தமில்ல. மூணு, விமர்சகர்களே பின்னாடி தப்பை ஒத்துக்கிட்டாங்க, அதனால பெருமை அவங்களுக்கே. அந்த மூணாவதை கடைசில வச்சுக்கறேன், அது எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு.

முதல்ல பழகுன காது என்ன கேட்டுச்சுன்னு பாப்போம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகைல லெஸ்டர் பேங்ஸ், அந்த காலத்து ராக் விமர்சனத்துல பெரிய கை, அப்ப பேர் போன க்ரீம்ன்ற ராக் பேண்டு மாதிரியே இருக்கு ஆனா அதைவிட மோசம்னு எழுதுனாரு. அதோட நிறுத்தல, இது வெறும் பம்மாத்து, பாட்டு பேரெல்லாம் இருட்டா பயமுறுத்துதே தவிர பேய் மாந்திரீகம் எதுக்கும் இந்த ஆல்பத்துக்கும் சம்பந்தமே இல்லன்னாரு. இன்னொருத்தர் ராபர்ட் கிறிஸ்ட்கவ், அவரு சி மைனஸ் கிரேடு போட்டாரு. காரணம்? செத்தவனை எழுப்புற மந்திரவாதக் குப்பையாம், போதைல மந்தமான வாசிப்பாம், நீள நீளமா சோலோவாம், அதாவது தனி வாசிப்பாம். நடுவர் அய்யா, கவனிங்க. ஒருத்தர் மாந்திரீகம் இல்லவே இல்ல, ஏமாத்துறாங்கன்றாரு, இன்னொருத்தர் மாந்திரீகம் தாங்க முடியலன்றாரு. கோர்ட்டுல ரெண்டு சாட்சி இப்படி சொன்னா வழக்கு நிக்குமா?

நான் என்ன சொல்றேன்னா ரெண்டு பேரும் பாட்டைக் கேக்க உக்காறதுக்கு முன்னாடியே அட்டையைப் பாத்துட்டாங்க. அட்டையில ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல இருக்குற மேப்பிள்டர்ஹாம் தண்ணி ஆலை, முன்னாடி கருப்பு அங்கி போட்ட ஒரு பொண்ணு, கலரே ஒரு மாதிரி வெளிறிப் போய் காய்ச்சல் கண்ட மாதிரி. விரிச்சா உள்ள தலைகீழ் சிலுவை, அதுக்குள்ள ஒரு கவிதை. அந்த தலைகீழ் சிலுவை எங்களைக் கேக்காம போட்டதுன்னு பேண்டுக்காரங்களே பின்னாடி சொன்னாங்க. அவங்க கழுத்துல போட்டிருந்தது நேரான சிலுவை, பாடகர் ஆஸி ஆஸ்பர்னோட அப்பா டூல்மேக்கர், அதாவது கருவி செய்யுறவரு, அவரு கையால செஞ்சு குடுத்தது. இப்போ அந்த முதல் பாட்டைக் கேளுங்க, அதுல பாடுறவன் சாத்தானை வாழ்த்துறானா? கருப்பா ஒரு உருவம் தன்னையே கைகாட்டி நிக்குது, அவன் கடவுளே காப்பாத்துன்னு அலறுறான். இது பக்திப் பாட்டுன்னு நான் சொல்ல வரல, பயந்தவன் பாட்டு. பேஸ் வாசிச்ச கீஸர் பட்லர் ஒரு ராத்திரி கட்டில் கால்மாட்டுல கருப்பா ஏதோ நின்னதைப் பாத்ததா சொன்ன கதைல இருந்து வந்த வரிகள்தான் அது. ஒரு விமர்சகர் தேடுன சாத்தான் கிடைக்கலன்னு கோவப்பட்டாரு, இன்னொருத்தர் கிடைச்சுட்டான்னு கோவப்பட்டாரு, நடுவுல ஒருத்தன் அலறுறது ரெண்டு பேருக்கும் கேக்கல.

சரி, இசைக்கு வருவோம். மழை, இடி, கோயில் மணி, அப்புறம் மூணே மூணு நோட்டு. நம்ம கணக்குல சொன்னா கீழ் ச, மேல் ச, அப்புறம் இறங்கி பிரதி மத்யமம். கல்யாணி ராகத்துல வர்ற அதே ம. நமக்கு கல்யாணின்னா மங்களம், ஐரோப்பால அந்த இடைவெளிக்கு பழைய இலக்கணக்காரங்க வச்ச பேரு இசைக்குள்ள இருக்குற சாத்தான். கிட்டார் வாசிக்கிற டோனி அயோமி அதை எடுத்து, மெதுவா, ரொம்ப மெதுவா, ஒவ்வொரு நோட்டும் செத்து விழுற வரைக்கும் காத்திருந்து வாசிக்கிறாரு, பில் வார்டு டிரம்ஸ்ல அந்த இடைவெளியை நிரப்பாம அப்பப்ப உறுமிட்டு மட்டும் போறாரு. க்ரீம் பேண்டு மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இப்படி மெதுவா மிரட்டுனாங்களா? பழகுன காதுக்கு இதான் பிரச்சனை. அது ஏற்கனவே பழகுனதை மட்டும் டக்குனு புடிக்கும். ப்ளூஸ் கேட்டுச்சு, க்ரீம் கேட்டுச்சு, ரெண்டும் அதுல இருக்கு, பொய் இல்ல. இதுவரைக்கும் கேக்காத ஒண்ணு அந்த மூணு நோட்டுல இருந்துச்சு, அதுக்கு அவங்க கிட்ட தராசு இல்ல.

இங்க எங்க அணித் தம்பியை ஒரு சின்ன திருத்து திருத்திக்கறேன், கோச்சுக்காத தம்பி. கிட்டார் கம்பியை தளர்த்தி சுருதி இறக்குனதாலதான் இந்த ஆல்பம் இவ்ளோ கனமா இருக்குன்னு சொன்ன, அது மூணாவது ஆல்பத்துக்கு, 1971ல. இதுல அப்படி இல்ல. கனம் வந்தது வேற வழியா. அயோமி 17 வயசுல தகரத் தொழிற்சாலைல, அதுவும் வேலையை விடுற கடைசி நாள்ல, மெஷின்ல வலது கை ரெண்டு விரல் நுனியைக் குடுத்தவரு. அவரு இடது கை வாசிப்பு, அதனால கம்பியை அழுத்துற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டி, மெல்லிசா கம்பி மாத்தி வாசிச்சாரு. விரல் நுனில உணர்ச்சி இல்ல, பல நோட்டை ஒண்ணா அழுத்துற கார்டுல சிலது புடிக்கவே முடியாது, அதனால ரெண்டு நோட்டு சேத்து பருமனா அடிச்சு இடத்தை ரொப்புறாரு. அனுதாபக் கதை சொல்றேன்னு எதிரணி சிரிக்கிறாங்க. இல்லங்க, அந்த சத்தம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

அப்புறம் அக்கா சொன்னாங்க, ஒரே நாள்ல அவசர அவசரமா பண்ண கரடுமுரடு சரக்குன்னு. ஒரே நாள்தான், 1969 அக்டோபர் 16, லண்டன்ல ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ. மத்த மூணு பேரும் சேந்து நேரடியா வாசிக்க, ஆஸி தனி அறைக்குள்ள நின்னு கூடவே பாட, தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின் பதிவு பண்ணிட்டாரு. நாலு பேருக்கும் வயசு 20, 21. ஆனா அவசரம்னு எப்படி சொல்வீங்க? அதுக்கு முன்னாடி ஹாம்பர்க் ஸ்டார் கிளப்புல ஒரே நாள்ல பல தடவை மேடை ஏறி, பர்மிங்காம் பக்கம் கிளப் கிளப்பா போய், குடிச்சுட்டு பேசிக்கிட்டு இருக்குற கூட்டத்தை வாயை மூட வைக்க சத்தத்தைக் கூட்டிக் கூட்டி தேறுனவங்க. அதாவது விமர்சகன் கைக்கு ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாடியே ஜனம் பரிச்சை வச்சு முடிச்சிருச்சு. ஸ்டூடியோல நடந்தது ரிசல்ட்டை டைப் அடிச்சது மட்டும்தான்.

ஒண்ணு ஒத்துக்கறேன், மறைக்க விரும்பல. ரெக்கார்டோட அந்த ரெண்டாவது பக்கம். ஈவில் உமன் வேற பேண்டோட பாட்டு, வார்னிங்ன்ற பாட்டும் கடன் வாங்குனது, பத்து நிமிஷப் பாட்டு, அதுல கிட்டார் போய்க்கிட்டே இருக்கு, நானே நடுவுல எந்திரிச்சு டீ போட்டு குடிச்சுட்டு வந்திருக்கேன், அப்பவும் முடியல. நீள சோலோன்னு கிறிஸ்ட்கவ் திட்டுனது இதுக்குன்னா அவரு கையைக் குலுக்குவேன். முழு ஆல்பமும் தங்கம்னு நான் வாதாடல. முதல் பக்கத்துக்காக வாங்குனவன் முட்டாள் இல்லன்னுதான் வாதாடுறேன்.

கூட்டம் வாங்குனா நல்ல சரக்கான்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி, விளம்பரம் பண்ணி எதையும் வித்துடலாம். ஆனா இதுக்கு யாரு விளம்பரம் பண்ணா? ஈவில் உமனை சிங்கிளா, அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டா விட்டாங்க, சீந்துவாரில்ல. பத்திரிகை திட்டுது. அப்படியும் விற்பனைப் பட்டியல்ல இங்கிலாந்துல 8வது இடம், அமெரிக்கால 23, அங்க ஒரு வருஷத்துக்கு மேல பட்டியலை விட்டு இறங்கல. ஒரு வாரம் ஏறி மறுவாரம் இறங்குனா அது பரபரப்பு. ஒரு வருஷம்னா ஒருத்தன் கேட்டுட்டு இன்னொருத்தனைக் கூப்பிட்டு உக்கார வச்சு கேக்க வச்சிருக்கான்னு அர்த்தம்.

மணி அடிச்சுட்டீங்களா? ஒரே நிமிஷம் அய்யா, அந்த மூணாவது பாயிண்ட் பாக்கி இருக்கு. விமர்சகர்களே மனசு மாறுனாங்களாம், பெருமை அவங்களுக்காம். மாறுனாங்க, வாஸ்தவம். மோசம்னு சொன்ன அதே லெஸ்டர் பேங்ஸ் 1972ல இந்த பேண்டைப் பாராட்டி பக்கம் பக்கமா எழுதுனாரு, எழுதுன பத்திரிகை பேரும் க்ரீம்தான், ஸ்பெல்லிங் வேற, விதி விளையாடுது பாருங்க. ரோலிங் ஸ்டோன் 2017ல போட்ட நூறு மெட்டல் ஆல்பம், அதாவது இந்த மாதிரி கனமான ராக் ஆல்பம், பட்டியல்ல இதுக்கு 5வது இடம். சந்தோஷம். ஆனா இவங்க மாறி எந்தப் பக்கம் வந்தாங்க அக்கா? 1970ல ஜனம் எங்க நின்னுச்சோ அங்கதான வந்து சேந்தாங்க? பரிச்சைல பக்கத்துப் பையனைப் பாத்து விடையைத் திருத்தி எழுதுனவனுக்கு நீங்க முதல் மார்க் குடுக்கச் சொல்றீங்க.

2025 ஜூலை 5, அவங்க பொறந்து வளந்த ஆஸ்டன்ல, வில்லா பார்க் மைதானத்துல அந்த நாலு பேரும் கடைசியா ஒண்ணா மேடைல. ஆஸியால எந்திரிச்சு நிக்க முடியல, சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலில உக்காந்தே பாடுனாரு, 17 நாள்ல போயிட்டாரு. அன்னிக்கு வாசிச்சது நாலே பாட்டு. அதுல ஒண்ணு என்.ஐ.பி, இந்த சி மைனஸ் ஆல்பத்துல இருந்து.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. அந்த ஆல்பம் மணிச்சத்தம் கேட்டப்புறம்தான் சூடு பிடிக்கும், எனக்கு இங்க அந்த வசதி இல்ல, உக்காந்துக்கறேன். வணக்கம்.