ஆலைக்காரரின் கதையைத் தாண்டிப் போகாதீர்கள்

ஆங்கில இலக்கியம் படிக்க வந்திருக்கும் மாணவ நண்பர்களே, வணக்கம்.

நம் ஊர்க் கல்லூரிகளில் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் என்றால் பெரும்பாலும் 'கேன்டர்பரி கதைகள்' நூலின் பொது முன்னுரை மட்டும்தான். யாத்திரை கிளம்பும் மனிதர்களின் அறிமுகம் முடிந்ததும் பாடமும் முடிந்துவிடும். அவர்கள் சொல்லும் கதைகளுக்குள் போவது குறைவு. போனாலும், பச்சையாக இருக்கிறது என்று சிலவற்றைத் தாண்டிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் பாடம் நடந்தது. அவற்றில் ஒன்றான, மாவு ஆலைக்காரர் சொல்லும் 'ஆலைக்காரரின் கதை'யை நூலகத்தில் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் சொற்பட்டியலைப் புரட்டிப் புரட்டி, நானாகத்தான் படித்தேன். அதை விட்டுவிட்டால் சாசர் தன் நூலை எப்படிக் கட்டினார் என்பதே பிடிபடாது. இன்று அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

லண்டனுக்குத் தெற்கே சதர்க்கில் டபார்ட் என்ற விடுதி. அங்கிருந்து கேன்டர்பரியில் இருக்கும் புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறைக்கு யாத்திரிகர்கள் புறப்படுகிறார்கள். வழியில் ஒவ்வொருவரும் கதை சொல்வதாக ஏற்பாடு. முதலில் நைட் என்னும் போர்வீரப் பெருமகன் சொல்கிறார். இரண்டாயிரம் வரிகளுக்கு மேல் போகும் காதல் காவியம். இரண்டு இளைஞர்கள், ஒரு பெண், சிறைச்சாலை ஜன்னல், தெய்வங்களிடம் வேண்டுதல் என்று கம்பீரமாக நடக்கும் கதை. அடுத்து மடத்துத் துறவி சொல்ல வேண்டும் என்று விடுதிக்காரர் அழைக்கிறார். அப்போது குடிபோதையில் இருக்கும் ஆலைக்காரர் குறுக்கே புகுந்து, நைட்டுக்கு நான் பதில் சொல்கிறேன் என்று அடம்பிடிக்கிறார். அந்தஸ்து வரிசை அங்கேயே உடைந்துவிடுகிறது. இதைக் கேட்க விரும்பாதவர்கள் ஏட்டைத் திருப்பி வேறு கதையை எடுத்துக்கொள்ளட்டும் என்று சாசரே வாசகரிடம் சொல்லிவிடுகிறார். வகுப்பறைகள் அந்த அனுமதியை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டன.

சரி, கதைக்கு வருவோம். ஆக்ஸ்போர்டில் ஜான் என்றொரு வசதியான வயதான தச்சர். மனைவி ஆலிசனுக்கு வயது 18. அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவன் நிக்கலஸ். அவன் அறையில் டாலமியின் வானியல் நூலும் விண்மீன்களின் நிலையை அளக்கும் அஸ்ட்ரோலேப் கருவியும் இருக்கின்றன. ஆலிசன் மேல் அவனுக்கு ஆசை, அவளுக்கும் சம்மதம். தச்சரை ஏமாற்ற நிக்கலஸ் தன் படிப்பையே ஆயுதமாக எடுக்கிறான். வரும் திங்கட்கிழமை இரவு, வேதாகமத்தில் வரும் நோவா காலத்து வெள்ளத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய வெள்ளம் வரப்போகிறது என்று பயமுறுத்துகிறான். தச்சர் மூன்று தொட்டிகளைக் கூரையின் அடியில் கட்டித் தொங்கவிடுகிறார். மூவரும் ஏறிப் படுக்கிறார்கள். தச்சர் அசந்து தூங்கியதும் மற்ற இருவரும் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இனி வெள்ளத்தால் உலகத்தை அழிக்கமாட்டேன் என்று கடவுள் நோவாவுக்கு வாக்குக் கொடுத்து, அதற்கு அடையாளமாக வானவில்லை வைத்ததாக வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்கிறது. தச்சருக்கு நோவாவின் கதை அரைகுறையாகத் தெரியும். முடிவு தெரியாது. அந்த இடைவெளிக்குள்தான் நிக்கலஸ் நுழைகிறான். வேதம் தெரிந்த வாசகர்களை நம்பி எழுதப்பட்ட நகைச்சுவை இது.

இன்னொருவன் ஆப்சலன், தேவாலயத்தில் கோயில்பிள்ளை. சுருட்டை முடிக்காரன், அலங்காரப் பிரியன். குசு என்றால் அவனுக்கு ஆகாது என்று அறிமுகத்திலேயே சாசர் ஒரு வரி போட்டுவைக்கிறார். படிக்கும்போது அது சும்மா வந்த வரி போலத்தான் இருக்கும். அவன் இரவில் ஜன்னலுக்கு வெளியே நின்று, தேனடையே, இலவங்கப்பட்டையே என்று, வேதாகமத்தின் காதல் பாடலான உன்னதப்பாட்டின் சாயலில் கொஞ்சி ஒரு முத்தம் கேட்கிறான். கும்மிருட்டு. ஆலிசன் ஜன்னல் வழியே தன் பின்பக்கத்தை நீட்டுகிறாள். முத்தமிட்டவன் திடுக்கிடுகிறான்: பெண்ணுக்குத் தாடி கிடையாதே! நேராகக் கொல்லன் பட்டறைக்குப் போய், பழுக்கக் காய்ச்சிய கலப்பை இரும்பை வாங்கி வந்து மறுபடியும் முத்தம் கேட்கிறான். இந்தத் தடவை நிக்கலஸ் பின்பக்கத்தை நீட்டி, இடி இடித்தாற்போல் விடுகிறான். ஆப்சலன் சூடு போடுகிறான். வலி தாங்காமல் நிக்கலஸ் "தண்ணீர்! தண்ணீர்!" என்று அலறுகிறான். மேலே தூங்கிக்கொண்டிருந்த தச்சர் வெள்ளம் வந்துவிட்டது என்று கயிற்றை வெட்டி, தொட்டியோடு கீழே விழுந்து கையை முறித்துக்கொள்கிறார்.

வெள்ளத்தின் கதையும் முத்தத்தின் கதையும் அந்த ஒரே அலறலில் முட்டிக்கொள்கின்றன. அதுவரை தச்சர் மேலே தொங்குவதையே நாம் மறந்திருப்போம், மறக்கும்படி சாசர் செய்திருப்பார். மத்தியகால ஆங்கிலத்தில் இதைவிடக் கச்சிதமான கதைக்கட்டு எனக்குத் தெரியாது. நைட் கதையின் இரண்டு இளைஞர்களில் ஒருவனான, சாகப்போகும் ஆர்சைட் கல்லறையைப் பற்றிப் பேசும்போது 'தனியே, துணை எவருமின்றி' என்று உருகுவான். அதே வரி, சொல் மாறாமல், நிக்கலஸின் வாடகை அறையைப் பற்றி இங்கே வருகிறது. இரண்டு கதைகளையும் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்கும்.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் டிரைடன் சாசரைப் பெரிதும் மதித்தவர். ஆனாலும் 1700இல் சாசரின் கதைகளை மறுவடிவம் செய்தபோது, ஆலைக்காரர் கதை உட்பட இந்த வகைக் கதைகளை வெளிப்படையாகச் சொல்லியே விலக்கினார். பச்சையாக இருக்கின்றன என்ற அவருடைய காரணம் எனக்குப் புரிகிறது, ஏற்க முடியவில்லை.

இந்த மாதிரிப் பச்சையான வேடிக்கை சாசரிடம் தொடங்கியதும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, பழைய ஆங்கிலக் கவிதைகளின் தொகுப்பான எக்ஸெட்டர் ஏட்டில் ஒரு விடுகதை உண்டு. நான் படுக்கையில் நிமிர்ந்து நிற்பேன், அடியில் மயிர் உண்டு, ஒரு பெண் என்னை இறுகப் பிடிப்பாள், அவள் கண் நனையும் என்று போகும். விடை வெங்காயம். கிறிஸ்துவைப் பற்றிய நீண்ட பாடல்களும் அதே ஏட்டில்தான் இருக்கின்றன. பிஷப் லியோஃப்ரிக் எக்ஸெட்டர் தேவாலயத்துக்குக் கொடுத்த ஏடு அது. இன்றும் அங்கே இருக்கிறது.

அப்புறம், கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆலைக்காரர் கதையைக் கேட்டு எல்லோரும் சிரிக்க, யாத்திரிகர்களில் ஒருவரான பண்ணைக் காரியஸ்தர் மட்டும் கோபப்படுகிறார். காரணம், அவர் தச்சுத் தொழில் தெரிந்தவர். பழிக்குப் பழியாக ஓர் ஆலைக்காரரை அவமானப்படுத்தும் கதையை அவர் சொல்கிறார். கேம்பிரிட்ஜ் பக்கம் ட்ரம்பிங்டனில், ஆலைக்காரரிடம் மாவைப் பறிகொடுத்த இரண்டு மாணவர்கள் இரவில் அவருடைய மகளையும் மனைவியையும் நெருங்குகிறார்கள். மகள் கத்துவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று வரியே சொல்கிறது. மனைவி, தொட்டிலை இடம் மாற்றி வைத்ததால் இருட்டில் ஏமாற்றப்படுகிறாள். ஆலிசன் தானே விரும்பி, தானே திட்டத்தில் பங்கெடுத்தவள். இங்கே அப்படி எதுவும் கிடையாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. இரண்டையும் 'ஆபாசக் கதை' என்று ஒரே பெட்டியில் போட்டு மூடினால் இந்த வித்தியாசம் மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். வகுப்பில் பேச வேண்டியது இதைத்தான்.

புத்தகம் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சாசர் இணையதளத்தில் மூலமும், ஒவ்வொரு வரிக்கும் கீழே இன்றைய ஆங்கிலமும் இருக்கின்றன. ஆலைக்காரரின் முன்னுரையிலிருந்து தொடங்குங்கள். வாய்விட்டுப் படியுங்கள், வரி முடிவில் வரும் இயைபு அப்போதுதான் காதில் விழும். காரியஸ்தர் கதையையும் கையோடு முடித்துவிடுங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.