வாய் திட்டுகிறது, கை கொடுக்கிறது

நடுவர் ஐயா அவர்களே, ‘கூடிவிட்டது, கூடிவிட்டது’ என்று தொண்டை வறளப் பேசிவிட்டு இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு ‘என்னதான் பேசுறாங்க, பார்ப்போம்’ என்று நிற்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இணையம் வந்த பிறகு மனிதர்களிடம் அவநம்பிக்கை கூடியிருக்கிறதா? இதுதான் தலைப்பு. கூடவில்லை என்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் எது அவநம்பிக்கை என்று பேசித் தீர்த்துக்கொள்வோம். கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்து, அழுகல் இல்லை என்று தெரிந்த பிறகு வாங்குகிறோமே, அது அவநம்பிக்கை இல்லை. அது கவனம். கீரை நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு பச்சையா இருக்கே, இந்தம்மா ஏதோ மருந்து அடிச்சிருக்கு’ என்று வாங்காமல் நடையைக் கட்டுகிறோமே, அதுதான் அவநம்பிக்கை. நல்லதைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு கெட்டதைத் தேடும் புத்தி. அது கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எதிரணி அண்ணன் மூன்று விஷயங்கள் சொன்னார். யாராவது அன்னதானம் செய்து படம் போட்டால் கீழே ‘விளம்பரம்’ என்று எழுதுகிறார்கள் என்றார். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியில் மனிதர்களை அடித்தே கொன்றார்கள் என்றார். ஆன்லைன் மோசடிக்குப் பயந்து தெரியாத நம்பர் என்றால் யாரும் போனை எடுப்பதில்லை என்றார். கைத்தட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன், நன்றாகப் பேசினால் தட்டுவதுதானே முறை.

அந்த ‘விளம்பரம்’ கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா?’ இதை எந்த செயலியில் முதலில் பதிவிட்டார்கள்? ‘ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்’ என்பதற்கு எத்தனை லைக் விழுந்தது? ‘ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன’ என்று அலுத்துக்கொண்டவர் கையில் எத்தனை ஜிபி டேட்டா இருந்தது? அடுத்தவன் செய்கிற நல்லதில் ஓட்டை தேடுவதற்கு நம்மிடம் பழமொழிகளே மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி சொன்னதை இன்று போனில் தட்டுகிறோம். திண்ணையில் சொன்னது நாலு பேர் காதோடு போனது. போனில் தட்டியது நாலாயிரம் பேர் கண்ணில் விழுகிறது. ஒலிபெருக்கி வாங்கியவனுக்குக் குரல் வளர்ந்துவிட்டது என்று சொல்வீர்களா?

சரி, இரண்டாவது. இதைப் பேசும்போது நான் சிரிக்க மாட்டேன், நீங்களும் வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடியது. ஒரு மூதாட்டி உயிரோடு வீடு திரும்பவில்லை. அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இதே போல் நடந்தது. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எதிரணி இதைத் தங்கள் பக்கச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியது. நான் குறுக்கு விசாரணை செய்கிறேன். அந்தக் கூட்டம் எதையும் நம்பாத கூட்டமா? எந்த ஊர், எந்த நாள், யார் எடுத்தது என்றே தெரியாத ஒரு வீடியோவை, அனுப்பியவன் யாரென்று ஒரு வார்த்தை கேட்காமல், அப்படியே நம்பிய கூட்டம். அந்நியரைச் சந்தேகப்பட்டார்களே என்பீர்கள். ஆமாம், பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கு வேர் எது? கண்ணை மூடிக்கொண்டு வைத்த நம்பிக்கை. அங்கே அவநம்பிக்கை பிடித்தவர் ஒருவர், ஒரே ஒருவர், ‘யோவ், இந்த வீடியோவே டூப்பா இருக்கும்யா’ என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா பிழைத்திருக்கலாம்.

மூன்றாவதும் இதே கதைதான். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, கணக்கே பேசும். 2023இல் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்த பணம் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. நடுவர் ஐயா, எதையும் நம்பாத ஜனங்களிடம் ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு ஏமாற்ற முடியுமா? ‘டிஜிட்டல் கைது’ என்று ஒருவன் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு வீடியோ காலில் வருகிறான். நம்மவர் கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா முன்னால் கைகட்டி உட்கார்ந்து, சேமித்ததையெல்லாம் அவன் சொன்ன கணக்குக்கு அனுப்புகிறார். நிஜப் போலீஸ்காரர் வந்தால்கூட நாலு கேள்வி கேட்கிற ஊர் இது! எதிரணி சொல்வதுபோல் நமக்கெல்லாம் அவநம்பிக்கை முற்றியிருந்தால் அந்த மோசடிக்காரர்கள் இந்நேரம் கடையைச் சாத்திவிட்டு வேறு பிழைப்பு தேடியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் மாமனார் இருக்கிறார். காலையில் பேப்பரைப் பிரித்தால் ‘எல்லாம் திருட்டுப் பசங்க’ என்பார். டிவியில் யார் பேசினாலும் ‘காசு வாங்கிட்டுப் பேசுறான்’ என்பார். எதிரணி கேட்கிற அவநம்பிக்கை அத்தனையும் அவரிடம் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் வெண்டைக்காயை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. மூன்று மாதம் குடித்தார். யார் எழுதியது மாமா என்று கேட்டேன். ‘தெரியலம்மா, ஆனா டாக்டர்னு போட்டிருக்கு’ என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் கம்பெனிக்காரன் கமிஷன் என்று ஒதுக்கி வைத்திருந்தார்! இவர் நம்புகிற ஆளா, நம்பாத ஆளா? என்னைக் கேட்டால், வாயால் நம்பாதவர், கையால் நம்புகிறவர். எதிரணி அவருடைய வாயைப் பார்த்து எடை போடுகிறது. நான் கையைப் பார்க்கச் சொல்கிறேன்.

கையைப் பார்ப்பதற்கென்றே ஒரு சோதனை நடந்தது. 2019இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் அதிகமான பர்ஸ்கள். ஒருவர் வங்கிக்கோ ஹோட்டலுக்கோ தபால் நிலையத்துக்கோ போய், வரவேற்பில் இருப்பவரிடம், ‘இதை யாரோ தெருவில் தொலைச்சிருக்காங்க, நான் அவசரமாப் போகணும், நீங்க பார்த்துக்கோங்க’ என்று ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே விசிட்டிங் கார்டு, ஒரு மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சிலவற்றில் காசு இல்லை. சிலவற்றில் ஓரளவு காசு. கேமராவுக்கு முன்னால் செய்கிற நல்ல காரியம் இல்லை பாருங்கள், அந்த வரவேற்பாளர் பர்ஸை மேசைக்குள் போட்டுக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? காசு கூடினால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் பொதுஜனம் சொன்னது, நடக்கப்போவதைப் பொருளாதாரம் படித்தவர்களாலும் சரியாகக் கணிக்க முடியவில்லை. நடந்தது என்ன? காசில்லாத பர்ஸின் சொந்தக்காரருக்கு நூற்றுக்கு 40 பேர் தகவல் சொன்னார்கள். காசுள்ள பர்ஸுக்கு 51 பேர். மூன்று நாடுகளில் பணத்தை இன்னும் கூட்டி, 94 டாலர் வைத்துப் பார்த்தார்கள். 72 பேர்!

‘பார்த்தீர்களா, அமுக்கிவிடுவான் என்றுதானே எல்லாரும் நினைத்தார்கள், அதுதானே அவநம்பிக்கை’ என்று எதிரணி அக்கா குறிப்பெடுப்பது இங்கிருந்தே தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. ஆனால் தலைப்பில் ‘இணையம் வந்த பிறகு’ என்று மூன்று சொல் கூடுதலாக இருக்கிறது. 2023இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. மனிதர்கள் முன்னைவிடக் கெட்டுவிட்டார்களா என்று உலகமெங்கும் எடுத்த பழைய கருத்துக் கணிப்புகளைத் தேடித் திரட்டினார்கள். குறைந்தது 60 நாடுகளில், குறைந்தது 70 வருஷமாக, ஜனங்கள் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறார்கள்: ‘காலம் கெட்டுப்போச்சு.’ எழுபது வருஷம்! அதில் பாதிக்கு மேல் இணையத்தின் வாடையே கிடையாது. இன்னொரு வேடிக்கை, ‘உங்களுக்குத் தெரிந்தவர்கள் எப்படி?’ என்று தனியாகக் கேட்டால் அவர்கள் கெட்டுப்போகவில்லையாம். உலகம் கெட்டுவிட்டது, ஆனால் எதிர்வீட்டு அண்ணாச்சி தங்கமான மனுஷன். இது நம்முடைய பரம்பரைப் புலம்பல், அண்ணே. பாவம், பழியை மட்டும் மோடம் தலையில் கட்டுகிறீர்கள்.

அமெரிக்காவில் 1958இல் அரசாங்கம் பெரும்பாலும் சரியாகத்தான் செய்யும் என்று நம்பியவர்கள் நாலில் மூன்று பேர். 1970கள் முடிவதற்குள் அது ஏறக்குறைய நாலில் ஒருவர் என்று சரிந்துவிட்டது. நடுவில் வந்தது இணையம் இல்லை. வியட்நாம் போர் வந்தது, அதிபர் நிக்சன் பதவியையே பறித்த வாட்டர்கேட் ஊழல் வந்தது. ஆண்டவர்கள் பொய் சொன்னார்கள், ஆளப்பட்டவர்கள் நம்புவதை நிறுத்தினார்கள். காரணம் அவ்வளவு எளிது.

இப்போது இணையத்தில் கைகள் என்ன செய்தன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைத்தான் நான் ஆசையாகப் பேச வந்தேன்.

1998 பொங்கல். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் அறிஞர் மதுரைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போடுவது. சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், வேலை முடிந்து வந்து வரி வரியாக அடித்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் ஒரு ஒற்று விட்டுப்போனதைத் திருத்தி அனுப்புகிறான், அதை நம்பி இன்னொருவன் வாங்கிக்கொள்கிறான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாக மின்வடிவாக்கி வருகிறார்கள். எரித்தவர்களைப் பார்த்த பிறகும் இப்படி உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று எதிரணிதான் சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி சென்னையில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தது. இந்தப் பந்தலிலேயே அதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். ட்விட்டரிலும், பலரும் சேர்ந்து நிரப்புகிற கூகுள் ஷீட் பட்டியலிலும் ஜனங்கள் என்ன எழுதினார்கள்? ‘எங்கள் வீட்டில் நாலு பேர் தங்கலாம், முதல் மாடி, இதுதான் நம்பர்.’ வீட்டு முகவரியை, சொந்தப் போன் நம்பரை, ஊர் முழுக்கப் பார்க்கிற இடத்தில்! சாதாரண நாளில் கூரியர்காரருக்கே கதவை அரைவாசிதான் திறப்போம்.

2021 ஜூலையில் கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு 18 கோடி ரூபாய் மருந்து தேவைப்பட்டது. வீடியோ பரவியது. ஒரு வாரத்துக்குள் ‘போதும், இனி அனுப்பாதீர்கள்’ என்று அறிவிக்க வேண்டியதாகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் 46 கோடிக்கும் மேல். அனுப்பியவர்களில் எத்தனை பேர் அன்று காலையில் ‘இப்பல்லாம் எல்லாம் ஃப்ராடு’ என்று எங்காவது எழுதியிருப்பார்களோ, யார் கண்டது.

தேர்தலைப் பற்றி நான் நீட்டி முழக்கவில்லை. 1951–52 முதல் பொதுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 45. கையில் ஸ்மார்ட்போனோடு வரிசையில் நின்ற 2019இல் 67. காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள் என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். அது வேறு பட்டிமன்றம், அதற்குத் தனியாகக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு நிமிடம் ஐயா.

தீர்ப்பு சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். ‘இன்று யாரும் யாரையும் நம்புவதில்லை’ என்று இருபது நிமிடம் பேசினாரே எதிரணி அண்ணன், அவர் மேடை ஏறுவதற்கு முன்னால் என்ன செய்தார் தெரியுமா? முன் வரிசையில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிற அந்தத் தம்பியிடம் போய், ‘நான் பேசுறதை வீடியோ எடுப்பா’ என்று தன் போனைக் கொடுத்தார். தம்பியின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. நடுவில் அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று லாக் நம்பரையும் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்தில் நின்ற எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அண்ணே, அந்தப் போனில்தானே உங்கள் ஜிபேயும் இருக்கிறது?

தம்பி, எழுந்திரிக்காதே, உட்கார். அண்ணன் கீழே இறங்கி வந்ததும் கொடுத்துவிடு.

வணக்கம்.